சாட்டின் பெயிண்ட் கார்ல கறை, திட்டு, பளபளப்பு: எதைப் பார்த்தா என்ன பண்ணணும்

2023-ல ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வேகன் விர்டஸும் கார்பன் ஸ்டீல் மேட்ல வந்துச்சு, அப்புறம் மஹிந்திரா பிஇ 6 சாட்டின் (மேட் மாதிரிதான், கொஞ்சம் பட்டு மினுமினுப்போட) கலர்லயே வந்துச்சு, இப்ப பளபளப்பு இல்லாத கார் நம்ம ஊர் ரோட்ல அங்கங்க கண்ணுல படுது. ஆனா கார் கழுவுறவங்க, பாலிஷ் போடுறவங்க, டிங்கரிங் பெயிண்டிங் பண்றவங்கன்னு நிறைய பேரு இன்னும் சாதாரண காருக்குப் பண்ற வேலையைத்தான் இதுக்கும் பண்றாங்க, சாதாரண கார்ல ஒண்ணும் ஆகாத விஷயம் இதுல ஒரு பேனலையே காலி பண்ணிடும். அதனால என்ன தெரியுதுன்னு வச்சு, என்ன பண்ணணும்னு வரிசையா எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், மத்த எல்லாம் இதுல இருந்துதான் வருது. சாட்டின்ல வித்தியாசம் கலர்ல இல்ல, கலருக்கு மேல கடைசியா அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட்ல. அதுல மேட்டிங் ஏஜென்ட்னு ஒண்ணு, பெரும்பாலும் சிலிக்கா தூள், கலந்திருக்கும், காயும்போது மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமா நிக்கும், அதுல விழுற வெளிச்சம் நேரா திரும்பி வராம நாலாபக்கமும் சிதறும், அந்தப் பட்டு மாதிரி மங்கல் அப்படித்தான் வருது. இப்ப அந்த மேட்டை யாராவது தேய்ச்சு சமமாக்கிட்டா அந்த இடம் பளபளக்கும். பள்ளத்துல எண்ணெயோ வாக்ஸோ போய் உக்காந்தாலும் அந்த இடம் பளபளக்கும். ரெண்டும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், ஆனா ரெண்டாவது துடைச்சா போயிடும், முதல்ல சொன்னது ஜென்மத்துக்கும் போகாது. பாலிஷ், காம்பவுண்ட், பஃபிங் மெஷின் எதுவும் போன மங்கலைத் திருப்பிக் கொண்டு வராது, இன்னும் பளபளப்பாக்கும், அவ்ளோதான்.

அதனால எந்தப் பிரச்சனை வந்தாலும் முதல் கேள்வி, மேல ஏதாவது ஒட்டியிருக்கா இல்ல மேல்பரப்பே மாறிடுச்சா. ஒட்டியிருந்தா கரைக்கணும், தேய்க்கக் கூடாது. மாறிடுச்சுன்னா கையை எடுத்துடணும்.

உங்க கார்ல இருக்கிறது பெயிண்ட்தானான்னும் பார்த்துக்கோங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருந்தா கண்டிப்பா பார்க்கணும். கதவைத் திறந்து ஓரத்துல, பானெட் உள்பக்க விளிம்புல பாருங்க, ஸ்டிக்கர் மடிச்ச மாதிரி ஒரு ஓரம் தெரிஞ்சா அது வினைல் ராப் (கலருக்காக ஒட்டுற ஸ்டிக்கர்), இல்லன்னா சாட்டின் பிபிஎஃப் (பெயிண்ட்டைக் காப்பாத்த ஒட்டுற ஃபிலிம்). உள்ள பளபளப்பா இருந்து வெளிய மட்டும் மங்கலா இருந்தாலும் ஃபிலிமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கீழ சொல்றது முக்கியமா பெயிண்டுக்கு, ஃபிலிம் பத்தி கடைசிப் பக்கம் கொஞ்சம் தனியா சொல்றேன்.

டோர் ஹேண்டில், டிக்கி, பெட்ரோல் மூடி பக்கத்துல பளபளன்னு ஒரு திட்டு

இதுதான் எல்லாரும் முதல்ல பார்த்துப் பதறுற விஷயம். பதறாதீங்க, பாதிக்கு மேல இது கை எண்ணெய்தான். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வச்சுட்டு, முகத்துக்கு சன்ஸ்க்ரீன் போட்டுட்டு, அதே கையால டிக்கியை அமுக்கி மூடினா அந்த விரல் தடம் அப்படியே பள்ளத்துல இறங்கிடும்.

செக் பண்றது இப்படி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஐபிஏன்னு கேட்டா கெமிக்கல் கடையிலயும் சில மெடிக்கல்லயும் கிடைக்கும், அதுல 1 பங்கு, சுத்தமான தண்ணி 4 பங்கு, ஒரு ஸ்பிரே பாட்டில்ல கலந்துக்கோங்க. முதல்ல அந்த இடத்தை ஷாம்பு தண்ணியால கழுவி மண்ணு தூசி இல்லாம ஆக்கிட்டு, நிழல்ல, பேனல் சூடு இல்லாதப்ப, நல்ல மைக்ரோஃபைபர் துணியில இந்தக் கலவையை அடிச்சு அந்த இடத்துல ஒத்தி எடுங்க, அழுத்தாம ஒரே திசையில லேசா ஒரு இழுப்பு, துணியைத் திருப்பி இன்னொரு இழுப்பு. காய்ஞ்சதும் மங்கல் திரும்பிடுச்சுன்னா அது எண்ணெய், விஷயம் முடிஞ்சுது. ரெண்டு மூணு தடவை பண்ணியும் அப்படியே பளபளன்னு நிக்குதுன்னா அந்த இடம் தேய்ஞ்சு போச்சு. அதோட நிறுத்திடணும், இன்னும் தேய்ச்சா திட்டு பெருசாகத்தான் செய்யும்.

ஹேண்ட் சானிடைசர் ஆல்கஹால்தானேன்னு அதைப் போடாதீங்க, அதுல கிளிசரின் எல்லாம் இருக்கும், புதுசா ஒரு கறை வரும். ஐபிஏ தீப்பிடிக்கிற சாமான்ங்கிறதையும் மறக்க வேண்டாம். புதுசா பெயிண்ட் அடிச்ச பேனல்ல பெயிண்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இதைப் போட வேண்டாம்.

தேய்ஞ்சு போன திட்டு எப்படி வருதுன்னா, பெரும்பாலும் நம்ம தினசரிப் பழக்கத்துலதான். அபார்ட்மென்ட்ல காலையில ஒரு அண்ணன் ஒரே வாளித் தண்ணி, ஒரே துணியை வச்சுகிட்டு வரிசையா எல்லா காரையும் துடைச்சுட்டுப் போவாரு, முன்னாடி காரோட மண்ணு உங்க பானெட்டுல வந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். அவரு மேல தப்பே இல்ல, யாரும் அவருகிட்ட சொன்னதில்ல. "அண்ணே, இந்த கார் மட்டும் துடைக்க வேண்டாம், கண்ணாடி மட்டும் துடைச்சா போதும், காசு அதே காசுதான்"னு சொல்லிடுங்க. மெழுகு தடவின கார் டஸ்டர், டேஷ்போர்டு பாலிஷ் போட்ட துணி இதெல்லாம் வெளிய படவே கூடாது. கார் கவரும் எனக்குப் பிடிக்காது, உள்ள தூசி இருந்து வெளிய காத்தும் அடிச்சா நாள் முழுக்க ஓரத்துல உரசிக்கிட்டே இருக்கும். நிழல் இருக்கிற இடத்துல தூசியோட நிக்கிறது எவ்வளவோ மேல்.

கழுவிக் காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையா வட்டம்

போர் தண்ணி. சென்னையில, திருப்பூர், நாமக்கல் பக்கம்னு நிறைய இடத்துல போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி. குடிக்கிற தண்ணிக்கு ஐஎஸ் 10500ங்கிற இந்தியத் தரநிலை சொல்ற டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும், ஆனா பல வீட்டு போர்ல 1000 தாண்டித்தான் மீட்டர் காட்டும். தண்ணி ஆவியாகும், கால்சியமும் மக்னீசியமும் அங்கயே தங்கிடும், மேடு பள்ளமான பரப்புங்கிறதால இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு, இதை ரொம்ப பேரு நல்லதுன்னு நினைச்சே பண்றாங்க, ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணியைப் பிடிச்சு வச்சு கார் கழுவுறது. தண்ணியை வீணாக்கக் கூடாதுங்கிற எண்ணம் சரிதான், அதைத் தரை கழுவ, பாத்ரூம் கழுவ வச்சுக்கோங்க. ஆர்ஓ பிரிச்சு எடுத்த உப்பு மொத்தமும் அந்தத் தண்ணியிலதான் இருக்கு, போர் தண்ணியை விட அது மோசம்.

வட்டம் புதுசுன்னா, அன்னைக்கோ மறுநாளோன்னா, சுத்தமான தண்ணியில நனைச்ச மைக்ரோஃபைபரை மேல போட்டு கொஞ்ச நேரம் ஊற விட்டு எடுத்தாலே பாதி போயிடும். போகலன்னா சமையலுக்கு வாங்குற வெள்ளை வினிகர் ஒரு பங்கு, ஆர்ஓ நல்ல தண்ணி ஒரு பங்கு, துணியை நனைச்சு வட்டம் இருக்கிற இடத்துல மட்டும் ஒரு நிமிஷம் போட்டு வைங்க, எடுத்துட்டு உடனே நிறைய தண்ணி ஊத்தி அலசிடுங்க. முதல்ல கண்ணுக்குப் படாத இடத்துல, கதவு அடிப்பக்கம் மாதிரி, ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் பானெட்டுக்குப் போங்க. குரோம் பட்டையில வழிய விடாதீங்க. வெயில்ல சூடான பேனல்ல இதைப் பண்ணவே பண்ணாதீங்க, வினிகரும் அங்கயே காய்ஞ்சு இன்னொரு தடம் போடும்.

மறுபடி வராம இருக்க, போர் தண்ணியில கழுவினாலும் பரவாயில்ல, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில பண்ணுங்க, தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பம்ப் ஸ்பிரேயர் இருந்தா 5 லிட்டர்ல ஒரு கார் முடிஞ்சிடும் (மருந்து அடிச்ச பழைய பம்ப் வேண்டாம், புதுசு வாங்கிக்கோங்க). ஏசியில சொட்டுற தண்ணியிலயும் உப்பு கிடையாது, சுத்தமான வாளியில பிடிச்சு வடிகட்டி வச்சுக்கலாம். அப்புறம் காய விடாம உடனே துணியை விரிச்சு மேல வச்சு ஒத்தி எடுங்க, இல்ல ப்ளோயர் வச்சு ஊதுங்க.

பேஸ்மென்ட் பார்க்கிங்ல மேல கூரையில இருந்து சொட்டி வெள்ளையா கெட்டியா காய்ஞ்சிருக்கிறது வேற விஷயம், அது கான்கிரீட்ல இருந்து கரைஞ்சு வர்ற சுண்ணாம்பு, காரம் ஜாஸ்தி. நகத்தால சுரண்டாதீங்க. அதே வினிகர் முறைதான், ஆனா பல தடவை, கொஞ்சம் கொஞ்சமா. அது பெயிண்ட்டை அரிச்சிருந்தா அடியில தடம் இருக்கும், அது போகாது. முதல்ல காரை அந்த இடத்துல இருந்து மாத்துங்க, அசோசியேஷன்ல சொல்லி ஒழுகலை அடைக்கச் சொல்லுங்க.

பூஜை போட்ட அன்னைக்கு சந்தனம், குங்குமம், மஞ்சள்

புது காருக்குப் பூஜை போடாம யாரும் எடுக்கப் போறதில்ல, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காம இருக்கப் போறதில்ல, இருக்கவும் வேண்டாம். பொட்டை முன் கண்ணாடியிலயும் நம்பர் பிளேட்டுலயும் வைங்க, பெயிண்ட்ல வேண்டாம்னு பூஜை பண்றவர்கிட்ட முன்கூட்டியே மரியாதையா சொன்னா கேட்டுக்குவாரு. மாலையை பானெட் மேல விரிச்சு வச்சு ஓட்டிட்டும் போகாதீங்க, நாரும் கம்பியும் காத்துல ஆடி ஆடி உரசும்.

ஏற்கனவே வச்சாச்சுன்னா, காய்ஞ்ச பொடியைக் கையால தட்டாம தண்ணியை ஊத்தி ஓட விடுங்க. அப்புறம் ஷாம்பு. ஷாம்பு பட்டதும் மஞ்சள் திடீர்னு செக்கச்செவேல்னு ஆகலாம், பெயிண்ட் போச்சுன்னு நினைக்க வேண்டாம், மஞ்சள்ல இருக்கிற குர்குமின் காரம் பட்டா சிவக்கும், சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்றதும் அப்படித்தான், அலசினா இறங்கிடும். ஆனா அது சிவந்துச்சுன்னா உங்க ஷாம்பு காரம் கூடினதுன்னு அர்த்தம், நியூட்ரல் பிஎச், அதாவது காரமும் அமிலமும் இல்லாத ஷாம்புக்கு மாறிடுங்க. மிச்சம் லேசா மஞ்சள் தங்கியிருந்தா ஐபிஏ கலவை ஒரு தடவை, அப்புறம் சும்மா வெயில்ல ஓட்டுங்க, குர்குமின் வெயிலுக்கு நிக்காது, நாளாக நாளாக வெளுத்துடும். வெள்ளை சாட்டின் வச்சிருக்கிறவங்களுக்கு இது பெரிய ஆறுதல். குங்குமத்துல கெமிக்கல் சாயம் கலந்திருந்தா அப்படி வெளுக்கும்னு நம்ப முடியாது, அதனால குங்குமத்தை அன்னைக்கே கழுவிடணும்.

காக்கா எச்சம், பூச்சி, மரத்துப் பிசின்

எச்சத்துக்கு நேரம்தான் எல்லாம். அதுல யூரிக் அமிலம் இருக்கு, போதாததுக்கு வெயில்ல சூடாகி பெயிண்ட் இளகியிருக்கும், ராத்திரி குளிர்ந்து இறுகும்போது அந்த எச்சத்தோட வடிவத்துக்கே இறுகிடும், அந்தத் தடம் சாதாரண கார்ல பாலிஷ்ல போகும், சாட்டின்ல போகாது. அதனால டிக்கியில ஒரு தண்ணி பாட்டில், நாலு மைக்ரோஃபைபர், மேட் பெயிண்டுக்குன்னு விக்கிற க்விக் டீடெய்லர் (அடிச்சுத் துடைக்கிற ஸ்பிரே) ஒரு பாட்டில் எப்பவும் வச்சிருங்க. நனைஞ்ச துணியை மேல போட்டு ரெண்டு நிமிஷம் ஊறட்டும், இளகினதும் தூக்கி எடுங்க, இழுக்காதீங்க, எச்சத்துல விதையும் மண்ணும் இருக்கும். டிஷ்யூ பேப்பர் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ராத்திரி ஹைவேயில ஓட்டி பம்பர் முழுக்க பூச்சி அப்பியிருந்தாலும் இதே கதைதான், ஈரத்துணியைப் பரப்பி ஊற வைங்க, பூச்சி எடுக்கிற ஸ்பாஞ்சுன்னு வலை போட்டு விக்கிறாங்களே, அதைத் தொடாதீங்க.

மாமரத்தடியில நிறுத்தினா பூ பூக்கிற சீசன்ல கார் மேல பிசுபிசுன்னு துளித்துளியா விழும். அது மரத்துப் பிசின் இல்ல, தத்துப்பூச்சி விடுற இனிப்புத் தண்ணி, வெதுவெதுப்பான தண்ணியில ஷாம்பு போட்டா ஈஸியா போயிடும், விட்டு வச்சா மேல கருப்புப் பூசணம் பிடிக்கும். வேப்பம்பிசின் நிஜமான பிசின். புதுசுன்னா வெதுவெதுப்பான தண்ணியில ஊற வைங்க, காய்ஞ்சதுன்னா வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியை மேல வச்சு இன்னும் கொஞ்ச நேரம் காத்திருங்க.

கருப்பா தார், ஆரஞ்சு கலர்ல பொடிப்புள்ளி

தாருக்கு நம்ம ஆளுங்க உடனே எடுக்கிறது மண்ணெண்ணெயோ பெட்ரோலோதான். தார் போயிடும், ஆனா மண்ணெண்ணெய் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகும், மேல நான் சொன்ன முதல் பிரச்சனைக்கே நீங்க திரும்பப் போயிடுவீங்க. மேட் பெயிண்டுக்கு ஆகும்னு லேபிள்ல போட்டிருக்கிற தார் ரிமூவரைத் துணியில எடுத்துப் புள்ளி மேல மட்டும் ஒத்தி, கரைஞ்சதும் ஷாம்பு போட்டு அலசுங்க.

ஆரஞ்சுப் புள்ளி இரும்புத் துகள், பிரேக்ல இருந்தும் ரயில்வே லைன் பக்கத்துல நிறுத்தினாலும் வரும். மத்தவங்க இதுக்கு க்ளே பார்னு ஒரு களிமண் மாதிரிக் கட்டியைப் போட்டுத் தேய்ப்பாங்க, சாட்டின்ல க்ளே கூடவே கூடாது, அதுவும் தேய்க்கிற வேலைதான். நியூட்ரல் பிஎச் ஐயர்ன் ரிமூவர் அடிச்சா ஊதாக் கலர்ல வழியும், காய விடாம அலசிடுங்க.

கழுவின பிறகு கார் முழுக்க திட்டுத்திட்டா, ஒரு பக்கம் மங்கல் ஒரு பக்கம் மினுமினு

வாட்டர் வாஷ் விட்டு வாங்கினப்புறம் இப்படி இருந்தா அவங்க வாக்ஸ் கலந்த ஷாம்பு போட்டிருப்பாங்க. டயர் பாலிஷ் தெறிச்சாலும் சக்கரத்துக்கு மேல ஃபெண்டர்ல இந்த மாதிரி வரும். மறுபடி நியூட்ரல் ஷாம்பு வச்சு ரெண்டு தடவை கழுவிட்டு ஒவ்வொரு பேனலா ஐபிஏ கலவை, முன்னாடி சொன்ன அதே முறை, பொறுமையா. வாக்ஸ் முழுசா கிளம்ப ரெண்டு மூணு வாஷ் ஆகலாம். பிரஷ் சுத்துற ஆட்டோமேட்டிக் வாஷுக்குள்ள இந்த காரை விடவே விடாதீங்க.

கழுவுற முறையையும் இங்கயே சொல்லிடுறேன். நிழல், ஆறின பேனல், முதல்ல வெறும் தண்ணி அடிச்சு மண்ணை இறக்குறது, முடிஞ்சா ஃபோம் அடிச்சு கொஞ்ச நேரம் விடுறது, அப்புறம் ரெண்டு வாளி, ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணு துணியை அலச. மேல இருந்து கீழ, நேர்கோட்டுல, கையோட வெயிட்டு மட்டும் போதும். பிரஷர் வாஷர் நாசிலை ஒரு அடிக்கு மேல தள்ளியே பிடிங்க.

கீறல்

முதல்ல கீறல்தானான்னு பாருங்க. பைக் ஹேண்டில்பார் உரசின கருப்புக் கோடு பல சமயம் அவங்க ரப்பர் நம்ம பெயிண்ட்ல ஒட்டினதுதான், ஐபிஏவுக்கோ தார் ரிமூவருக்கோ வந்துடும். நிஜக் கீறல்னா ரெண்டே வழி, அப்படியே விடுறது, இல்ல கடைசியில சொல்ற மாதிரி முழு பேனலையும் அடிக்கிறது. சின்னதுன்னா அப்படியே விட்டுடலாம், அடிப் பெயிண்ட் தெரியுற அளவுக்கு ஆழம்னா துரு பிடிக்காம இருக்க டச்சப் வைக்கலாம், ஆனா டச்சப் வச்ச இடம் தனியா தெரியும். நடுவுல மூணாவது வழி ஒண்ணும் இல்ல. "லேசா ஒரு பாலிஷ் போட்டா போயிடும் சார்"னு யார் சொன்னாலும் சாவியைக் கொடுக்காதீங்க.

தண்ணி முத்து முத்தா உருளாம படிஞ்சு நிக்குது

பழைய சீலன்ட் (பெயிண்ட் மேல பூசுற பாதுகாப்புப் படலம்) தீர்ந்திருக்கும், இல்ல மேல அழுக்குப் படலம் இருக்கும். முதல்ல நல்லா கழுவிப் பாருங்க. அப்பவும் படிஞ்சா மேட் சீலன்ட் ஒண்ணு போடுங்க. செராமிக் கோட்டிங் சாட்டின்லயும் போடலாம், மேட் பெயிண்டுக்குன்னு தனியாவே வருது, எச்சமும் உப்பும் பிடிக்கிறது நிஜமாவே குறையும், நான் பண்ணச் சொல்ற ஒரே பெரிய செலவு இதுதான். ஆனா கோட்டிங் போடுறவரு துடைக்காம விட்ட இடத்துல கெட்டியா ஒரு திட்டு நின்னுடும், சாதாரண கார்ல அதை பாலிஷ் பண்ணி எடுப்பாங்க, இதுல எடுக்க முடியாது, அதனால மேட் கார் பண்ணின அனுபவம் இருக்கிறவரா பார்த்துக் கொடுங்க.

ஃபிலிமா இருந்தா

வினைல் ராப்ல ஓரம் தூக்க ஆரம்பிச்சா உடனே ஒட்டினவர்கிட்ட காட்டுங்க, அதுக்குள்ள பிரஷர் வாஷரை அந்த ஓரத்துல காட்டாதீங்க, தண்ணி உள்ள போனா அழுக்கும் போகும். எக்ஸ்பெல் ஸ்டெல்த் மாதிரி சாட்டின் பிபிஎஃப்ல மெல்லிசான கோடுங்க வெயில்லயோ சுடுதண்ணி ஊத்தினாலோ தானா ஆறிடும், பெயிண்டுக்கு அந்த வசதி இல்ல. மோசமா போனா அந்த ஒரு பீஸை மட்டும் உரிச்சு மாத்திக்கலாம்.

எதுவும் வேலைக்கு ஆகல, பேனல் அடிச்சே ஆகணும்

சாட்டின்ல ஒரு ஓரத்தை மட்டும் அடிச்சு மீதியோட கலக்குறது நடக்காது, விளிம்புல இருந்து விளிம்பு வரைக்கும் முழு பேனலும் அடிக்கணும். கிளியர் கோட் எவ்வளவு கனமா விழுது, ரெண்டு கோட்டுக்கு நடுவுல எவ்வளவு நேரம் விடுறாங்கங்கிறதுக்கே மங்கல் அளவு மாறும், தூசி விழுந்தா தேய்ச்சு எடுக்கவும் முடியாது, அதனால பூத் (தூசி வராம மூடின பெயிண்ட் அறை) இல்லாத கடையில கொடுக்காதீங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தகடுலயோ அட்டையிலயோ அடிச்சுக் காய வச்சு, காரை வெளிய வெளிச்சத்துல நிறுத்தி, பக்கத்துப் பேனல்கிட்ட வச்சு நேராவும் சாய்வாவும் பார்த்துட்டு சரின்னு சொல்லுங்க. இன்சூரன்ஸ்ல போறதா இருந்தா மேட் ஃபினிஷ்னு எஸ்டிமேட்லயே போடச் சொல்லுங்க, இல்லன்னா சாதாரண கிளியர் ரேட்டைத்தான் போடுவாங்க. வண்டி எடுக்கும்போது எந்த கம்பெனி கிளியர், மேட்டிங் கலவை என்ன விகிதத்துல சேர்த்தாங்கன்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கோங்க, பின்னாடி பக்கத்துப் பேனல் அடிக்க வேண்டி வந்தா, அது வேற கடையா இருந்தாலும், அந்த விகிதத்தைத்தான் அவங்க முதல்ல கேப்பாங்க.